‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கியதுமே ‘ரன்’ என்றால் ஓடு என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அதோடு விட்டும்விடுகிறார்கள், சிக்கல் அங்கேதான். அப்புறம் பார்த்தால் ஒருவர் கம்பெனியை ரன் செய்கிறார், ஒருவருக்கு மூக்கு ரன் ஆகிறது, இன்னொருவர் தேர்தலில் ரன் செய்கிறார், பெட்ரோல் தீர்ந்தாலும் ரன் அவுட், பேட்ஸ்மேன் ஆட்டமிழந்தாலும் ரன் அவுட். இந்த ஒரே சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

இந்தச் சொல்லுக்கு 645 பொருள் இருப்பதாகச் சொல்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். அது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்கு, அதுவும் வினைச்சொல்லுக்கு மட்டும். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் சுமார் 9 மாதம் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி இந்த எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்தார், 2011இல் அது செய்தியாகவே வெளிவந்தது. அதற்கு முன் பெரிய சொல் என்ற பெயர் ‘செட்’டுக்கு இருந்தது. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள், விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள், ஒரு சிறு நாவல் அளவு. நடுவில் ‘மேக்’ (2000), ‘புட்’ (2007) ஆகியவை முதலிடத்துக்கு வந்துபோயின. இன்னும் பின்னால் போனால், 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் ‘டேக்’ என்ற சொல்லுக்கு 134 பொருள் எழுதியிருக்கிறார். கவனித்தீர்களா, எல்லாமே சின்னச் சின்னச் சொற்கள், குழந்தையும் பேசும் சொற்கள். நாக்கை முறுக்கும் பெரிய சொற்களுக்குப் பெரும்பாலும் ஒரு பொருள், மிஞ்சினால் இரண்டு.

இன்னொன்று, 645 என்பதைக் கேட்டு மலைக்க வேண்டாம். அதில் வழக்கொழிந்தவை உண்டு, கப்பல்காரர்கள் மட்டும் சொல்பவை உண்டு, ‘ரன் அவுட்’, ‘ரன் இன்டு’ போன்ற கூட்டு வினைகளும் அந்தக் கணக்கிலேயே அடக்கம். வேறு அகராதியை எடுத்தால் இவ்வளவு இருக்காது. ஒரு அகராதிக்காரர் இரண்டு நுட்பங்களைச் சேர்த்து ஒன்றாக்குவார், இன்னொருவர் ஒன்றையே நான்காகப் பிளப்பார். அதனால் இந்த எண்ணிக்கை சொல்லைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அதை எண்ணியவரைப் பற்றியும் சொல்கிறது.

அவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். தமிழ் பேசுகிறவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. நம் ‘ஓடு’ம் சும்மா இல்லை. ஆறு ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, கடிகாரம் வேகமாக ஓடுகிறது, படம் ஐம்பது நாள் ஓடியது, சுவரில் விரிசல் ஓடுகிறது, மனதுக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கிறது, பக்கத்தின் மேல் ஒரு முறை கண்ணை ஓட்டுகிறோம். இவை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ அப்படியே பொருந்தும்: “த ரிவர் ரன்ஸ்”, “த கிளாக் ரன்ஸ் ஃபாஸ்ட்”, “த ஃபிலிம் ரேன் ஃபார் ஃபிஃப்டி டேஸ்”, “எ கிராக் ரன்ஸ் டவுன் த வால்”, “எ தாட் ரேன் த்ரூ மை மைண்ட்”, “ஐ ரேன் மை ஐஸ் ஓவர் த பேஜ்”. கால் இல்லாதவையெல்லாம் ஓடுவது நமக்குப் புதிதல்ல. ஆகவே இரண்டு மொழியும் கைகோத்துப் போகும் இடங்களை விட்டுவிடுங்கள், கை விலகும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

எங்கே விலகுகின்றன?

இதற்குத்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும்.

உடம்பிலிருந்து தொடங்கலாம். மூக்கு நமக்கு ஒழுகும், ஆங்கிலத்தில் ரன் ஆகும். காய்ச்சல் நமக்கு அடிக்கும், அங்கே ஆள் காய்ச்சலை ரன் செய்கிறார்: “ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்”. வயிற்றுப்போக்குக்குப் பேச்சுவழக்கில் ‘த ரன்ஸ்’ என்றே பெயர், ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு குணமோ நோயோ வந்தால் “இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி”. இதைக் ‘குடும்பத்தில் ஓடுகிறது’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் பரம்பரையாக வருகிறது என்போம், வழிவழியாக வருகிறது என்போம், ஓடுவதில்லை.

துணி துவைக்கும்போது சாயம் நமக்குப் போகும், அங்கே “த கலர்ஸ் ரேன்”. குளியல் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது “ரன் எ பாத்”. சிவப்பு விளக்கை மதிக்காமல் வண்டியை விட்டால் “ஹி ரேன் எ ரெட் லைட்”. பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டால் “த பேப்பர் ரேன் த ஸ்டோரி”. சின்ன வேலையாக வெளியே போய்வந்தால் “ரன் ஆன் எரண்ட்”. ஆயுதம் கடத்துவதுகூட ‘கன் ரன்னிங்’தான், துப்பாக்கியோடு ஓடுவது அல்ல. ஒப்பந்தம் இரண்டு வருடம் செல்லும் என்பதற்கு “த கான்ட்ராக்ட் ரன்ஸ் ஃபார் டூ இயர்ஸ்”.

எதிர்த்திசையிலும் குழி உண்டு, அதாவது தமிழில் ஓடும், ஆங்கிலத்தில் ஓடாது. ‘பொழுது ஓடிவிட்டது’ என்பதை ரன் போட்டுச் சொன்னால் வேறு பொருள் வந்து நிற்கும். “டைம் இஸ் ரன்னிங் அவுட்” என்றால் நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, சீக்கிரம் முடி என்ற எச்சரிக்கை. நேரம் போனதே தெரியவில்லை என்ற நம் அர்த்தத்துக்கு அவர்கள் நேரத்தைப் பறக்கவிடுவார்கள்: “டைம் ஃப்ளைஸ்”. அதேபோல ‘தொழில் ஓடவில்லை’ என்றால் நமக்கு வியாபாரம் மந்தம். “த பிசினஸ் இஸ் நாட் ரன்னிங்” என்று ஆங்கிலத்தில் எழுதினால் கடையையே மூடிவிட்டதாக நினைப்பார்கள். ‘கை ஓடவில்லை, கால் ஓடவில்லை’ என்பதை ரன் வைத்து மொழிபெயர்க்கும் எண்ணத்தையே கைவிடுங்கள்.

‘ஓடு’, ‘ஓட்டு’ என்று நமக்கு இரண்டு இருக்கிறதே, ஆங்கிலத்தில்?

ஒன்றுதான், குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. தானே நடந்தால் ஓடு, ஒருவர் நடக்கவைத்தால் ஓட்டு என்று தமிழ் தன்வினையையும் பிறவினையையும் ஒரு ‘ட்’ போட்டுப் பிரித்துவிடுகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது: “த மெஷின் ரன்ஸ்”, “ஷி ரன்ஸ் த மெஷின்”. அதனால் வாக்கியத்தில் ரன் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, பின்னால் ஒரு பெயர்ச்சொல் நேராக ஒட்டி நிற்கிறதா என்பது. இல்லையென்றால் ஓடு பக்கம் யோசியுங்கள். இருந்தால் ஓட்டு, நடத்து, இயக்கு, வெளியிடு, செலுத்து என்று அந்தப் பெயர்ச்சொல் எதுவோ அதற்குத் தகுந்த வினையைத் தேடுங்கள். “ரன் எ டெஸ்ட்” என்றால் சோதனை செய், “ரன் எ ஸ்கூல்” என்றால் பள்ளி நடத்து, “ரன் எ ரிஸ்க்” என்றால் ஆபத்துக்கு இடம் கொடு. இந்த ஒரு பழக்கம் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

ஆனால் வண்டி விஷயத்தில் ஜாக்கிரதை. கார் ஓட்டுவது ‘டிரைவ்’. “ரன் எ கார்” என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் சொந்தமாகக் கார் வைத்துப் பராமரிப்பது: “ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்” என்பவருக்குக் கார் ஓட்டத் தெரியும், கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். இதற்கும் மேலே ஒன்று: “ஐ வில் ரன் யூ டு த ஸ்டேஷன்”. பயப்படாதீர்கள், உங்களைத் துரத்தப்போவதில்லை, வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார்.

தண்ணீரும் இயந்திரமும் எப்படி இதற்குள் வந்தன?

தண்ணீர் பின்னால் வந்ததல்ல, கூடவே பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு ‘ரின்னன்’ என்றும், எழுத்து இடம் மாறி ‘இர்னன்’ என்றும் வடிவங்கள் இருந்தன. நம் வாயில் ‘சதை’ ‘தசை’ ஆவதைப் போன்ற இடமாற்றம்தான் அது. உறவு மொழியான ஜெர்மனில் இன்றும் ‘ரின்னன்’ என்றால் நீர் வழிவது, ‘ரென்னன்’ என்றால் ஆள் ஓடுவது, அங்கே இரண்டாகவே நிற்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே குடத்தில் ஊற்றிவிட்டது. ஆகவே “ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்” என்ற பழமொழியில் நீர் ஓடுவதை உருவகம் என்று நினைக்க வேண்டியதில்லை, ஆள் ஓடுவதைப் போல அதுவும் நேர்ப்பொருள்தான். பேசாத ஆளுக்கு உள்ளே ஆழம் அதிகம் என்று அந்தப் பழமொழியைப் பயன்படுத்துவது மட்டும் உருவகம்.

இயந்திரம் வந்த பிறகு சொல் ஊதிப் பெருத்தது. நூற்பாலை, ரயில், மோட்டார், கடைசியில் கணினி. புதிதாக ஒன்று கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் அது என்ன செய்கிறது என்று சொல்ல ஒரு வினை தேவைப்பட்டது, கையில் கிடைத்தது ரன். 1964இல் டார்ட்மத் கல்லூரியில் உருவான பேசிக் நிரல்மொழியில், எழுதிய நிரலை இயக்க ‘ரன்’ என்றே தட்ட வேண்டும். இன்றும் விண்டோஸில் விண்டோஸ் விசையோடு ஆர் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டிதான் திறக்கிறது.

காலால் ஓடுவதற்கு வேறு என்ன சொற்கள்?

நிறைய உண்டு, எதுவும் எதற்கும் அச்சாக இணையில்லை. ‘ஜாக்’ மெதுவாக, மூச்சு வாங்காமல், உடற்பயிற்சிக்காக. ‘ஸ்பிரின்ட்’ கொஞ்ச தூரத்தை முழு வேகத்தில், தடகளத்தில் 100, 200, 400 மீட்டர்கள் இந்த வகை. ‘டாஷ்’ சட்டென்று ஒரு பாய்ச்சல், பெரும்பாலும் எதையோ எடுக்கவோ எங்கோ நேரத்துக்குப் போய்ச்சேரவோ. ‘போல்ட்’டில் மிரட்சி இருக்கிறது, குதிரை மிரண்டு பிய்த்துக்கொண்டு போவது அதற்குச் சரியான படம். ‘ஃப்ளீ’ ஆபத்திலிருந்து தப்பி ஓடுவது, சொல் கொஞ்சம் எழுத்துநடை, செய்தியில் படிப்பீர்கள், வீட்டில் கேட்கமாட்டீர்கள். ‘ஸ்காம்பர்’, ‘ஸ்கரி’ இரண்டும் குட்டிக் கால்கள் வேகவேகமாகப் போவது: குழந்தை, அணில், எலி. ஆறடி ஆளுக்கு ‘ஸ்கரி’ போட்டால் அவரைக் கேலி செய்கிறீர்கள் என்று அர்த்தம், வேண்டுமென்றே அப்படிப் போடுவதும் உண்டு. ‘ட்ராட்’, ‘கேலப்’ குதிரை நடைகள், மனிதருக்குக் கடன் கொடுக்கலாம்.

தேர்வுக்குப் படிப்பவர்கள் இணைச்சொல் பட்டியலில் இவை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் மனப்பாடம் செய்கிறார்கள். மதிப்பெண்ணுக்கு அது சரி, எழுதுவதற்கு உதவாது. தமிழில் ஓடினான், பாய்ந்தான், விரைந்தான், ஓட்டம் பிடித்தான், தலைதெறிக்க ஓடினான் எல்லாம் ஒன்றா? அதே கதைதான்.

‘நடத்து’ என்ற பொருளில்?

‘மேனேஜ்’, ‘ஆபரேட்’, ‘டைரக்ட்’, ‘அட்மினிஸ்டர்’, ‘ஹெட்’. இதில் ‘மேனேஜ்’ அருகில் வரும், ஆனால் அதற்குச் சமாளிப்பது என்ற வாடை உண்டு. “ஐ மேனேஜ்ட் டு ஃபினிஷ்” என்றால் எப்படியோ முடித்துவிட்டேன். ‘ஆபரேட்’ இயந்திரத்துக்கும் பேருந்து, விமான சேவைக்கும் பொருந்தும். ‘அட்மினிஸ்டர்’ அரசு, அறக்கட்டளை, நிதி போன்றவற்றுக்கு. ‘ஹெட்’ என்றால் தலைமைப் பதவியில் இருக்கிறார், தினசரி வேலையை வேறு யாரோ பார்க்கலாம். ‘ரன்’ என்றால் இறங்கி வேலை பார்க்கிறார் என்ற தொனி வந்துவிடும், அதனால்தான் பேச்சில் எல்லோரும் அதைத் தேடிப்போகிறார்கள்.

ஒரு விஷயம் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. “ஷி ரன்ஸ் எ ஹாஸ்பிட்டல்” என்றால் மருத்துவமனை அவருடையது என்று பொருள் இல்லை. சொந்தமாக இருக்கலாம், சம்பளத்துக்கும் நடத்தலாம். உடைமையைச் சொல்ல ‘ஓன்’ வேண்டும்.

‘ரன் அவுட்’ ஏன் இவ்வளவு படுத்துகிறது?

ஏனென்றால் அது எழுவாயை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும். தமிழில் ‘எனக்குப் பணம் தீர்ந்துவிட்டது’ என்கிறோம், தீர்ந்தது பணம், பாதிப்பு எனக்கு. ஆங்கிலத்தில் இரண்டு வழி: பணத்தை எழுவாயாக்கினால் “த மனி ரேன் அவுட்”, என்னை எழுவாயாக்கினால் “ஐ ரேன் அவுட் ஆஃப் மனி”. இரண்டாவதில் ‘ஆஃப்’ கட்டாயம். இந்த இரண்டையும் கலந்து “மை பெட்ரோல் இஸ் ரன் அவுட்” என்றோ “ஐ ரேன் அவுட் பெட்ரோல்” என்றோ எழுதுவதுதான் வழக்கமான தவறு. இன்னும் தீரவில்லை, தீரும் நிலையில் இருக்கிறது என்றால் “ரன்னிங் லோ” அல்லது “ரன்னிங் ஷார்ட்”. கிணறோ ஆறோ வற்றினால் “ரன் டிரை”.

கிரிக்கெட் ரன் அவுட் வேறு, அங்கே ஓடும்போது ஆட்டமிழப்பது. அதில் மிகக் கொடுமையானது 1959இல் கராச்சியில் நடந்தது. பாகிஸ்தான் வீரர் ஹனிஃப் முகமது 499இல் இருந்துகொண்டு ஐந்நூறாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனார். முதல்தர ஆட்டத்தில் அந்த 499 தான் 1994இல் பிரையன் லாரா 501 அடிக்கும்வரை உச்சம். ஒரே வாக்கியத்தில் இரண்டு ‘ரன்’னும் சேர்ந்து ஒரு மனிதரைக் கவிழ்த்த கதை.

ஓடாமலே நான்கு ‘ரன்’ கிடைக்கிறதே, அது எப்படி?

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஓடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு எல்லைக்கோடு வந்தது, ஓட்டம் போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் ‘ஓட்டங்கள்’ என்று மொழிபெயர்த்ததும் அந்த முரண்பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டோம்.

பெயர்ச்சொல்லாக வேறு எங்கெல்லாம் வரும்?

வங்கியில் போட்ட பணம் போய்விடும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க ஓடினால் ‘பேங்க் ரன்’. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு வெளியே ஜனங்கள் நீள வரிசையில் நின்றது இதற்கு நல்ல உதாரணம். வங்கியில் பணம் இல்லாமல் போவதைவிட, இல்லாமல் போய்விடும் என்று எல்லோரும் நம்புவதுதான் இதில் வங்கியைச் சாய்க்கிறது.

ஒரே தடவையில் அச்சடிக்கும் பிரதிகள் ‘பிரின்ட் ரன்’. ஒத்திகை ‘டிரை ரன்’ அல்லது ‘டிரையல் ரன்’. கோழிக்குக் கம்பிவலை அடித்துவிட்ட வெளியிடம் ‘சிக்கன் ரன்’. பனிச்சறுக்குப் பாதை ‘ஸ்கீ ரன்’. தொடர்ந்து அதிர்ஷ்டம் அடித்தால் ‘எ ரன் ஆஃப் லக்’. அமெரிக்காவின் சில பகுதிகளில் ஓடையையே ‘ரன்’ என்பார்கள். உள்நாட்டுப் போர் வரலாற்றில் வரும் ‘புல் ரன்’ என்ற பெயரைப் பார்த்துக் காளை ஓட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வர்ஜீனியாவில் ஓடும் ஒரு சிற்றோடை, அதன் கரையில் 1861இலும் 1862இலும் இரண்டு முறை போர் நடந்தது.

விமானம் ஏறி இறங்கும் ‘ரன்வே’ முதலில் காட்டு விலங்குகள் வழக்கமாகப் போய்வரும் தடத்தைத்தான் குறித்தது.

‘ரன்னிங்’ என்பதை நாம் பேசும் விதம் சரியா?

தமிழில் பேசும்போது சரி, அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ‘எனக்கு முப்பது ரன்னிங்’ என்றால் நமக்கு இருபத்தொன்பது முடிந்து முப்பதாவது வயது நடக்கிறது. ஆங்கிலத்தில் “ஐ ஆம் தர்ட்டி ரன்னிங்” என்றால் யாருக்கும் புரியாது. “ட்வென்டி-நைன், கோயிங் ஆன் தர்ட்டி” என்று சொல்ல வேண்டும். ‘ரன்னிங் பஸ்ஸில் ஏறாதே’ என்பதில் வருவது ஆங்கிலத்தில் ‘மூவிங் பஸ்’. மூக்கு ஒழுகலுக்கு ‘ரன்னி நோஸ்’, ‘ரன்னிங் நோஸ்’ அல்ல. “மை நோஸ் இஸ் ரன்னிங்” என்று வாக்கியமாகச் சொன்னால் அது சரி.

அதே சமயம் ‘ரன்னிங் வாட்டர்’ சரி, திருகினால் குழாயில் வரும் தண்ணீர். எண்ணுக்குப் பின்னால் வந்தால் தொடர்ச்சி: “த்ரீ டேஸ் ரன்னிங்” என்றால் விடாமல் மூன்று நாள். “ஐ ஆம் ரன்னிங் லேட்” என்பவர் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை, இன்னும் வீட்டிலேயே இருக்கலாம், பெரும்பாலும் இருப்பார்.

‘ரன் இன்டு’, ‘ரன் ஓவர்’, ‘ரன் டவுன்’ இவையெல்லாம்?

ஒவ்வொன்றும் தனிச்சொல் மாதிரிதான். ‘ரன் இன்டு’ சுவரில் போய் மோதுவது, பழைய நண்பரைத் தற்செயலாகச் சந்திப்பது, செலவு லட்சத்தைத் தொடுவது, மூன்றும். எது என்பதைப் பின்னால் வரும் சொல் சொல்லிவிடும். ‘ரன் ஓவர்’ வண்டி ஏற்றுவது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டுவது. ‘ரன் டவுன்’ பேட்டரி இறங்குவது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, பெயரடையாக வந்தால் சிதிலமான கட்டடம் அல்லது சோர்ந்துபோன உடம்பு. சேர்த்து ‘ரன்டவுன்’ என்று பெயர்ச்சொல்லாக எழுதினால் சுருக்கமான விவரம். ‘ரன் அப்’ கடன் ஏறுவது. ‘ரன் ஆஃப்’ ஓடிப்போவது, கூடவே மளமளவென்று பிரதி எடுப்பது. ‘ரன்-இன்’ ஒருவரோடு உரசல். ‘ரன் அலாங்’ என்று பெரியவர் குழந்தையிடம் சொன்னால், சரி போய் விளையாடு.

‘ரன் அமாக்’, ‘ரன் த கான்ட்லெட்’ எங்கிருந்து வந்தன?

‘அமாக்’ மலாய்ச் சொல், வெறிகொண்டு கண்மண் தெரியாமல் தாக்குவது. இன்று குழந்தைகள் வீட்டைத் தலைகீழாக்கினாலும் சொல்கிறார்கள். ‘கான்ட்லெட்’ என்றால் இரும்புக் கையுறை என்று அகராதி சொல்லும், இந்தத் தொடரில் வருவது அந்தச் சொல்லே அல்ல. ஸ்வீடிஷ் மொழியில் சந்து, ஓட்டம் என்ற இரண்டும் சேர்ந்த ‘காட்லொப்’ என்ற ராணுவத் தண்டனை இருந்தது. இரண்டு பக்கமும் வீரர்கள் தடியோடு நிற்க, குற்றவாளி நடுவே போக வேண்டும், அடி விழும். ஆங்கிலக்காரர் காதில் அது தெரிந்த சொல்லான கையுறையாக மாறிவிட்டது. இப்போது நாலா பக்கமும் விமர்சனத்தைத் தாங்கிக் கடப்பதற்குச் சொல்கிறார்கள்.

‘ரன்-ஆஃப்-த-மில்’ ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வரும் சரக்கு, அதனால் சாதாரணமானது. ‘ரன்னர்-அப்’ வேட்டைநாய்ப் பந்தயத்தில் இறுதிச் சுற்றில் மட்டும் தோற்ற நாய்க்கு வைத்த பெயர், கோப்பையை நழுவவிட்டவரிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

அமெரிக்க ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம் வேறுபாடு உண்டா?

இரண்டு முக்கியம். தேர்தலில் அமெரிக்கர் ‘ரன்’ செய்வார், பிரிட்டிஷ்காரர் ‘ஸ்டாண்ட்’ செய்வார். நாமும் நிற்கிறோம். காலுறையில் இழை பிரிந்து கோடு விழுந்தால் அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் ‘லேடர்’.

‘ஹேவ் ரேன்’ சரியா?

தவறு. ரன், ரேன், ரன். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ வந்தால் மூன்றாவது ‘ரன்’: “ஐ ஹேவ் ரன் அவுட் ஆஃப் இங்க்”.

ஒரு சொல்லுக்குப் பல பொருளா, அல்லது ஒரே ஒலியில் பல சொற்களா?

ரன் முதல் வகை, ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் ஓடு என்ற வினையும் கூரை ஓடும் இரண்டாவது வகை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்கள் ஒரே உருவத்தில். நம் ஆட்கள் பல பொருளை வெகு காலம் முன்பே கவனித்துவிட்டார்கள். தொல்காப்பியம் திரிசொல்லை (கற்றவர்க்கே விளங்கும் சொல்லை) பிரிப்பதே ஒரு பொருளுக்குப் பல சொல், பல பொருளுக்கு ஒரு சொல் என்றுதான். பழைய அகராதி நூலான சூடாமணி நிகண்டில் பதினொன்றாம் தொகுதி முழுக்க ஒருசொல் பல்பொருள். ஆங்கிலத்தில் இணைச்சொல் தேட எல்லோரும் எடுக்கும் ரோஜெட்டின் தொகுப்பு 1852இல்தான் வந்தது, அதைச் செய்தவர் ஒரு மருத்துவர்.

இணைச்சொல் அகராதியை நம்பலாமா?

மறந்த சொல்லை நினைவுபடுத்த நம்பலாம், தெரியாத சொல்லைப் பொறுக்கியெடுக்க நம்பக்கூடாது. ரன் என்று தேடினால் ‘கஷ்’ (பீறிட்டு ஓடு), ‘கவர்ன்’ (ஆட்சி செய்), ‘ஸ்மக்கிள்’ (கடத்து) மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். ‘ஷி ஸ்மக்கிள்ஸ் எ ஸ்கூல்’ என்று யாராவது எழுதினால் பழி அகராதி மேல் இல்லை. முதலில் எந்தப் பொருளில் தேடுகிறோம் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், ஒழுகு என்றால் ‘ட்ரிக்கிள்’, ‘ஊஸ்’ பக்கம், நடத்து என்றால் ‘மேனேஜ்’ பக்கம், நீண்டு செல் என்றால் ‘எக்ஸ்டெண்ட்’, ‘ஸ்ட்ரெச்’ பக்கம் போங்கள். அப்புறம் எடுத்த சொல்லை ஒரு உதாரண வாக்கியத்திலாவது பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அலுவலகத்தில் வந்த இந்தச் செய்திக்கு என்ன அர்த்தம்: “ரன்னிங் லேட். வீ ஆர் ரன்னிங் லோ ஆன் பேப்பர், ஸோ ரன் ஆஃப் டென் காப்பிஸ் பிஃபோர் வீ ரன் அவுட், பட் ரன் இட் பை த மேனேஜர் ஃபர்ஸ்ட்”?

ஐந்து ரன், ஒருவரும் ஓடவில்லை. எனக்கு வரத் தாமதமாகும், காகிதம் குறைந்துகொண்டே வருகிறது, அடியோடு தீர்வதற்குள் பத்துப் பிரதி எடுத்துவிடு, ஆனால் அதற்கு முன் மேலாளரிடம் ஒரு தடவை காட்டிக் கருத்துக் கேட்டுக்கொள். கடைசியில் வரும் ‘ரன் இட் பை’யைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், ‘பை’ என்பதால் மேலாளர் மூலமாக அனுப்பச் சொல்கிறார் என்று நினைத்துக் கோப்பை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அனுப்ப வேண்டாம், காட்டினால் போதும். பிரின்டர் பழுது என்றால் பதில் எழுதுவது சுலபம்: “த பிரின்டர் இஸ் நாட் ரன்னிங்”.